பாய் விரித்த பள்ளிக்கூடம்

தென்தமிழகத்து நாசரேத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. இரவு எட்டு மணிக்கு நடுவீட்டில் பாய் விரித்தால் குடும்ப ஜெபம் என்று பொருள். பாமாலையில் ஒரு பாட்டு, பிறகு வேதாகமத்தில் ஓர் அதிகாரம். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிவரும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் கடைக்குட்டிக்கும் ஒரு வசனம் உண்டு. அவன் முடிக்கும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். அப்பாவின் ஜெபம் பரமண்டல ஜெபத்தில் போய் நிற்கும். அதற்குப் பிறகுதான் சோறு.

எனக்கு எட்டு வயதிருக்கும். அன்று ஆதியாகமம் நாலாம் அதிகாரம் வந்தது. காயீன் நிலத்தின் விளைச்சலைக் கொண்டுவந்தான், ஆபேல் ஆட்டைக் கொண்டுவந்தான். தம்பியுடையது ஏற்கப்பட்டது, அண்ணனுடையது தள்ளப்பட்டது. “காயீன் கொண்டுவந்தத ஏன் ஆண்டவர் ஏத்துக்கல?” என்று கேட்டுவிட்டேன். “ஜெப நேரத்துல பேசக்கூடாது” என்றார் அப்பா. ஞாயிறு பள்ளியில் கேட்டேன். டீச்சர் மனப்பாட வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்து வேதபாடத் தேர்வில் அதே அதிகாரத்திலிருந்து கேள்வி வந்தது: காயீனின் தம்பி பெயர் என்ன?

பாட்டி ஒருத்திதான் பதில் சொன்னாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கை நிறுத்தாமல் சொன்னாள்: “ஏய்யா, அத நானும் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வெளங்கல. ஆனா ஒண்ணு பாத்தியா? அவன் மூஞ்சி செத்துப்போய் நிக்கும்போது ஆண்டவர் அவன்கிட்டதான் போய்ப் பேசுதாரு. ஆபேல்கிட்ட பேசினதா ஒரு வார்த்த எழுதியிருக்கா?”

பிள்ளைகளின் கல்வியில் கிறிஸ்தவப் பெற்றோரின் இடம் என்ன என்று கேட்டால், இருபது நூற்றாண்டுகளில் சேர்ந்த விடைகள் ஒரு நூலகத்தை நிரப்பும். ஆனால் அந்த விவாதம் முழுவதும் என்னுடைய அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீடு, சபை, பள்ளிக்கூடம் ஆகிய மூன்றில் பிள்ளையின் கேள்வி எங்கே போய்ச் சேர வேண்டும்? யார் அதற்குக் கடன்பட்டவர்? கிறிஸ்தவ வரலாற்றில் இந்தக் கடன் கைமாறிய விதத்தையும், குறிப்பாகத் தென்தமிழகத்தில் அது என்ன ஆனது என்பதையும் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

வேதாகமத்தில் கேட்பது பிள்ளை

பெற்றோரின் கடமைக்கு ஆதாரமாகப் பிரசங்கிகள் முதலில் எடுப்பது உபாகமம் ஆறாம் அதிகாரம். வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும், வழியில் நடக்கையிலும், படுக்கும்போதும், எழும்பும்போதும் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்பது அங்கே வரும் கட்டளை. இதில் வகுப்பறை இல்லை, மணி அடிப்பதில்லை, பாடவேளை இல்லை. நாள் முழுவதுமே பாடவேளை. கற்றுக்கொடுப்பவர் தனியாக நியமிக்கப்பட்ட ஆசிரியரும் இல்லை. கூடவே நடக்கும் தகப்பன், தாய்.

அதே அதிகாரத்தின் பின்பகுதியைப் பிரசங்கங்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. நாளைக்கு உன் பிள்ளை ‘இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்டால் நீ என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு பதில் தரப்படுகிறது. பதிலுக்கு முன்னால் கேள்வி நிற்கிறது. யாத்திராகமத்தில் பஸ்கா விருந்தைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். யோசுவாவில் யோர்தானிலிருந்து எடுத்து நாட்டிய பன்னிரண்டு கற்களைப் பார்த்துக் கேட்கிறார்கள். பிள்ளை கேட்கும்படியான ஒன்றை வீட்டில் செய்துவை, கேட்கும்போது சொல் என்பதே பழைய ஏற்பாட்டின் போதனை முறை. யூத வீடுகளில் பஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்டுத் தொடங்குவது இன்றும் வழக்கம்.

புதிய ஏற்பாட்டில் தீமோத்தேயுவின் விசுவாசத்துக்கு வேர் காட்டும் பவுல், பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். கிரேக்கரான தகப்பனுக்கு அங்கே இடமில்லை. எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களிலோ தகப்பன்மாரைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள், மனம் சோரவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறார். பிள்ளை தகப்பனின் உடைமை என்று ரோமச் சட்டம் சொன்ன காலத்தில், தகப்பனுக்கும் ஓர் எல்லை உண்டு என்றது பெரிய காரியம். பிரம்பைப் பற்றிய நீதிமொழிகளை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் நம் வீடுகளில் இந்த இரண்டு வரிகளுக்கு மவுசு குறைவு.

வேதாகமம் தோற்ற பெற்றோரையும் மறைக்கவில்லை. ஏலி ஆசாரியன் ஊரார் பிள்ளையாகிய சாமுவேலை நன்றாக வளர்த்தான். சொந்தப் பிள்ளைகளை வளர்க்கத் தவறினான். தாவீது ஒரு ராஜ்யத்தை ஆண்டும் அப்சலோமைப் பறிகொடுத்தான். பக்தியுள்ள பெற்றோருக்குப் பக்தியுள்ள பிள்ளை பிறக்கும் என்ற உத்தரவாதத்தை அந்தக் கதைகள் தருவதில்லை.

சாப்பாட்டு மேசையும் சக்திக்கு மீறிய தகப்பனும்

ஆதித்திருச்சபை தனிப் பள்ளிக்கூடங்களைக் கட்டவில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஹோமரையும் வர்ஜிலையும் கற்பித்த ஊர்ப் பள்ளிகளுக்கே போனார்கள். ஆகவே விசுவாசக் கல்வி வீட்டின் பொறுப்பாகவே இருந்தது. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம் பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பிள்ளையின் ஆத்துமாவை ஒரு பட்டணமாகவும், கண், காது, நாக்கு முதலிய புலன்களை அதன் வாசல்களாகவும் காட்டி, எந்த வாசலில் எதை உள்ளே விடுவது என்று பெற்றோருக்குச் சொல்கிறார்.

அந்த நூலில் அவர் தகப்பனுக்குக் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? இரவுச் சாப்பாட்டின்போது காயீன், ஆபேல் கதையைச் சொல்வது. தாயும் கூட உட்கார்ந்து கேட்க வேண்டும். பிறகு ஒரு நாள் பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அந்தக் கதை வாசிக்கப்படும் நாளில் ஆலயத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்; தனக்கு முன்பே தெரிந்த கதை என்று பிள்ளை துள்ளும் என்கிறார். வீட்டில் கேட்டது ஆலயத்தில் உறுதியாகிறது. வரிசை வீட்டில்தான் தொடங்குகிறது. அடியைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு: பிரம்பைப் பற்றிய பயம் இருக்கட்டும், அடி விழ வேண்டாம், ஓயாமல் அடிபடும் பிள்ளை அடியை அலட்சியம் செய்யப் பழகிவிடும்.

அதே காலத்துத் திருச்சபைத் தந்தை எரோனிமு இன்னொரு திசையைக் காட்டுகிறார். லேத்தா என்ற ரோமாபுரித் தாய்க்கு, அவளுடைய சின்ன மகள் பவுலாவை வளர்க்கும் முறையைப் பற்றி அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. எழுத்துகளை மரத்திலோ தந்தத்திலோ செய்து விளையாடக் கொடு, பேர் சொல்லி அடுக்கட்டும், பரிசு கொடு, ஏசாதே என்று ஆரம்பப் பள்ளி ஆசிரியைபோல எழுதிக்கொண்டே போகிறார். கடைசியில், பட்டணத்தில் இப்படி வளர்ப்பது கஷ்டமென்றால் பிள்ளையைப் பெத்லகேமில் இருக்கும் பாட்டியிடம் அனுப்பிவிடு, மடத்தில் வளரட்டும் என்கிறார். வீடு போதாது, பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்கு எடுத்துவிடு என்ற குரல் இங்கே கேட்கத் தொடங்குகிறது.

அகுஸ்தீன் தன் வரலாற்றில் வைத்துப் போன சாட்சியம் நம் ஊர்ப் பெற்றோரை நேராகப் பார்த்துப் பேசும். பள்ளியில் அடி விழக்கூடாது என்று சிறுவன் கடவுளிடம் மன்றாடுகிறான்; பெற்றோர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தகாஸ்தே ஊரில் அதிக வசதி இல்லாத தகப்பன் பத்ரீசியு, மகனைக் கார்த்தேஜுக்குப் படிக்க அனுப்பத் தன் சக்திக்கு மீறிச் செலவு செய்கிறான். ஊரே மெச்சுகிறது. ஆனால் அந்தத் தகப்பன், மகன் பேச்சில் வல்லவனாவானா என்று பார்த்த அளவுக்கு எப்படிப்பட்ட மனிதனாவான் என்று பார்க்கவில்லை என்று மகனே பின்னால் எழுதுகிறான். தாய் மோனிக்காவின் கண்ணீர் உலகப் பிரசித்தம். சக்திக்கு மீறிப் படிக்கவைத்த தகப்பனின் கதையை யாரும் பிரசங்கிப்பதில்லை. நம் வீடுகளில் அதிகம் இருப்பவர்கள் அப்படிப்பட்ட தகப்பன்மார்தான்.

லூத்தரின் இரண்டு வாய்கள்

சீர்திருத்தக் காலத்தில் இந்தக் கேள்வி மறுபடி கூர்மையானது. மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் குடும்பத் தலைவனின் கையில் கொடுப்பதற்காகவே எழுதப்பட்டது. பத்துக் கற்பனையானாலும் பரமண்டல ஜெபமானாலும், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிதாகச் சொல்லித்தர வேண்டிய முறை இது என்றே ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பிட்டார். வீடு ஒரு சிறு சபை, தகப்பன் அதன் போதகர்.

அதே லூத்தர் 1524இல் ஜெர்மானிய நகரசபைகளுக்கு எழுதிய திறந்த கடிதத்தில் வேறு மாதிரிப் பேசியிருந்தார். பெற்றோரை நம்பிப் பிள்ளைகளை விட முடியாது. சிலருக்கு மனமில்லை, பலருக்குத் தெரியாது, மனமும் அறிவும் இருப்பவர்களுக்கு நேரமில்லை. ஆகவே நகரங்கள் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்றார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பெற்றோர் சொல்லும் சாக்குகள் இந்த மூன்றுக்குள் அடங்கும். வீட்டைப் போதகர் பீடமாக உயர்த்தியவரும், வீட்டால் ஆகாது என்று பள்ளிக்கு வாதாடியவரும் ஒரே ஆள். அவருக்குப் பின்வந்த புராட்டஸ்டண்ட் உலகம் இரண்டையும் சுமந்தது. நாளடைவில் பள்ளிக்கூடமே ஜெயித்தது.

செக் நாட்டுப் போதகர் கொமேனியுஸ் பதினேழாம் நூற்றாண்டில் முதல் ஆறு வயதைத் ‘தாய்ப்பள்ளி’ என்று பிரித்து, அதை முழுக்கத் தாயின் கையில் கொடுத்தார். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்து ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லித்தர, அதற்கு வழியில்லாத பெற்றோருக்குப் பதிலாக ஏற்பட்ட ஏற்பாடு அது. வழியில்லாதவர்களுக்காகப் பிறந்த ஞாயிறு பள்ளியை, எல்லா வழியும் உள்ள பெற்றோர் தங்கள் கடமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கியாக மாற்றிக்கொண்டது பிற்காலத்துக் கதை.

அமெரிக்காவில் ஹொரேஸ் புஷ்னெல் 1847இல் இன்னொரு விவாதத்தைக் கிளப்பினார். எழுப்புதல் கூட்டத்தில் அழுது மனந்திரும்பினால்தான் பிள்ளை கிறிஸ்தவனாகும் என்ற அன்றைய எண்ணத்தை மறுத்து, தான் எப்போது கிறிஸ்தவனானேன் என்று தெரியாமலே பிள்ளை வீட்டின் காற்றிலேயே வளர வேண்டும் என்றார். நம் ஊரில் குழந்தைத் திருமுழுக்குத் தரும் சபைகளும், குழந்தையைப் பிரதிஷ்டை மட்டும் செய்துவிட்டு வளர்ந்தபின் ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளும் இன்றும் இந்த விவாதத்தையே நடத்துகின்றன. முன்னதில் ஞானப்பெற்றோர் பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கிறார்கள். பின்னதில் பிள்ளையே ஒரு நாள் வாக்குக் கொடுக்கும் என்று பெற்றோர் காத்திருக்கிறார்கள். இரண்டிலும் அந்த இடைப்பட்ட ஆண்டுகள் வீட்டில்தான் கழிகின்றன.

தமிழ்மண்ணில்: பிள்ளையை எடுத்த பள்ளிக்கூடம்

முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியோடு கடற்கரைத் தெருக்களில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். உள்ளூரார் உதவியோடு தமிழாக்கிய ஜெபங்களைக் கற்றுக்கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். 1544இல் அவர் எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. தென்கரையில் கிறிஸ்தவக் கல்வி தலைகீழாகத்தான் தொடங்கியது: பிள்ளை ஆசிரியர், பெற்றோர் மாணவர். புதிதாகச் சேர்ந்த சமுதாயத்தில் அது இயல்பு. ஆனால் பிள்ளைதான் முதலில், பெற்றோர் அப்புறம் என்ற பழக்கத்துக்கு விதை விழுந்தது அங்கேதான்.

அன்றிக்கே அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ வினா விடையாக அமைந்தது. ஞானோபதேச வினா விடை ஒரு நல்ல கருவி; எழுத்தறியாதவர்களும் மனத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு திருப்பம் உண்டு. யாத்திராகமத்தில் கேட்பது பிள்ளை, சொல்வது பெரியவர். வினா விடையில் கேட்பது பெரியவர், ஒப்பிப்பது பிள்ளை. விடை முன்கூட்டியே அச்சாகியிருக்கிறது. காயீனின் தம்பி பெயர் என்ன என்ற என் தேர்வுத்தாள் அந்தப் பரம்பரையில் வந்த பேரப்பிள்ளை.

தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு அடுத்த ஆண்டே பள்ளிகளைத் தொடங்கினார், பெண்பிள்ளைகளுக்கும் தொடங்கினார். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் தமிழாக்கினார். ஆனால் அவருக்கு முன்மாதிரி லூத்தரின் வீடு அல்ல. ஜெர்மனியின் ஹாலே நகரில் போதகர் பிராங்கே கட்டியிருந்த அநாதை விடுதியும் பள்ளிகளும்தான். சோறும் துணியும் கொடுத்து, பிள்ளைகளை மிஷன் வளாகத்திலேயே வைத்து வளர்ப்பது அந்த முறை. புதிதாகக் கிறிஸ்தவரான வீடு பிள்ளைக்குப் போதாது என்ற நினைப்பும், பசித்த பிள்ளைக்குச் சோறு என்ற இரக்கமும் அதில் கலந்திருந்தன.

திருநெல்வேலிச் சீமை இந்த முறையைக் கைக்கொண்டு பரப்பியது. முதலூர் 1799இல் கிறிஸ்தவக் குடியிருப்பாக எழுந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி இரேனியுஸ் ஊர் ஊராகப் பள்ளி வைத்தார். 1840களில் சாயர்புரத்தில் ஜி.யு. போப்பும், 1841 முதல் இடையன்குடியில் கால்டுவெல்லும், பின்னர் அவர் மனைவி எலைசாவும் உழைத்தார்கள். எலைசாவின் தாய் மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி 1895இல் பிறந்தது. அந்தப் பெயருக்குரிய அம்மையார் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

இந்தப் பள்ளிகள் செய்ததைக் குறைத்துச் சொல்வது நன்றி கெட்ட வேலை. பனையேறியின் மகளுக்கும், பண்ணையாளின் மகனுக்கும் எழுத்து கொடுத்தவை அவை. எங்கள் பாயில் பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் வசனத்தைத் தடுக்காமல் வாசித்தாளே, அந்த எழுத்து போர்டிங்கில் வந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை ‘பெண்மதி மாலை’யில் பெண்கல்விக்காக வாதாடிய காலத்தில், தெற்கே சில கிராமங்களில் வாசிக்கத் தெரிந்த தாய்மார் ஏற்கெனவே இருந்தார்கள். படித்த ஒரு தாய் அடுத்த தலைமுறையின் வீட்டில் ஓர் ஆசிரியை. பள்ளிக்கூடம் வீட்டுக்குத் தந்த பெரிய கொடை அது.

விலையும் இருந்தது. இரண்டு நூற்றாண்டாக ‘பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது’ என்றால் நம்மவருக்குக் கல்வி என்று பொருளானது. போர்டிங், ஞாயிறு பள்ளி, கோடை விடுமுறையில் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி, உறுதிப்பூசுதலுக்கோ திடப்படுத்தலுக்கோ சில வார வகுப்பு. ஒவ்வொன்றும் நல்லதே. எல்லாம் சேர்ந்து, எழுத்தோடு கேள்வியையும் கொண்டுபோய் நிறுவனத்திடம் ஒப்படைக்கப் பெற்றோரைப் பழக்கிவிட்டன.

சட்டம் யார் பக்கம்?

ஒப்படைப்பு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, இருபதாம் நூற்றாண்டின் சட்டங்களும் சபை ஆவணங்களும் மறுதிசையில் நகர்ந்தன. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் பிள்ளைக்கு எவ்வகைக் கல்வி என்று தெரிந்தெடுக்கும் முன்னுரிமையைப் பெற்றோருக்குக் கொடுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வியைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, பெற்றோரே முதன்மையான கல்வியாளர் என்றும், அவர்கள் தவறினால் அந்த இடத்தை நிரப்புவது அரிது என்றும் சொன்னது. கத்தோலிக்கத் திருமுழுக்குச் சடங்கின் முடிவில் வரும் ஆசீரும் தாய் தந்தையரை விசுவாசத்தின் முதல் ஆசிரியர் என்றே வாழ்த்துகிறது.

நம் அரசியல் சட்டம் 30ஆம் பிரிவில் சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிறது. கிறிஸ்தவர்கள் விழாக்களில் பெருமையாகச் சொல்வது அதைத்தான். 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைச் சொல்வோர் குறைவு: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் மத போதனைக்கு வரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது, சிறுபிள்ளையென்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவப் பள்ளிக்கும் அது பொருந்தும்; அங்கே படிக்கும் மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கு அது காப்பு. அந்தப் பள்ளி ஊருக்கே பொதுவான பள்ளி என்பதே அதன் அழகு. ஆகவே வேதபாடத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கும் கிறிஸ்தவத் தகப்பன் பள்ளியிடம் அதன் வேலையல்லாததைக் கேட்கிறான்.

பிள்ளைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, பிள்ளையின் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை மதிக்கச் சொல்கிறது. பெற்றோர் வழிகாட்டலாம், பிள்ளையின் வளரும் பக்குவத்துக்கு ஏற்றபடி. எட்டு வயதில் கைப்பிடித்து ஆலயத்துக்குக் கூட்டிப்போவதும், பதினாறு வயதில் கூப்பிட்டுப் பார்ப்பதும் வேறு வேறு என்று அதற்குப் பொருள்.

அளந்து பார்த்தவர்கள்

விசுவாசம் தலைமுறை தாண்டுவது எப்படி என்று கணக்கெடுத்த பெரிய ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தவை. நம் கூட்டுக் குடும்பத்துக்கு அவற்றை அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் இரண்டு முடிவுகள் கவனிக்கத்தக்கவை. சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூல், பிள்ளைகளின் மத வாழ்வைத் தீர்மானிப்பதில் பெற்றோரின் செல்வாக்கே பெரியது என்றது. நண்பர்கள் அவர்களை இழுத்துப்போய்விடுகிறார்கள் என்ற பொது அச்சத்துக்கு அது எதிர்விடை. நேர்காணலில் இன்னொன்றும் தெரியவந்தது: நீ என்ன நம்புகிறாய் என்று ஒரு பெரியவர் கேட்டதே பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல்முறைபோல இருந்தது.

வெர்ன் பெங்ட்சன் தென்கலிபோர்னியக் குடும்பங்களை 1970 முதல் நான்கு தலைமுறைக்குத் தொடர்ந்து பார்த்து 2013இல் நூல் எழுதினார். பக்தியை எவ்வளவு கடுமையாகக் கடைப்பிடித்தார்கள் என்பதைவிட, பெற்றோர், முக்கியமாகத் தகப்பன், பிள்ளையிடம் எவ்வளவு அன்னியோன்னியமாக இருந்தார் என்பதே அதிகம் செல்லுபடியானது என்றார். தாத்தா பாட்டியின் கையும் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. லோவிசாளைப் படித்த யாருக்கும் அது புதுச்செய்தி அல்ல.

இன்றைய நடுவீடு

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர், மக்கள்தொகையில் 6.12 விழுக்காடு. அவர்களில் வேலைக்குப் போகும் பெற்றோர் உள்ள ஒரு வீட்டின் வாரத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் வேன், மாலையில் டியூஷன், பதினோராம் வகுப்பு வந்துவிட்டால் நீட் பயிற்சி. தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்று பயிற்சி மையம் சொன்னால், ஞாயிறு பள்ளிக்கு வர இயலாது என்று போதகர் ஐயரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். தேர்வு முடிந்ததும் நல்ல மதிப்பெண்ணுக்காக ஸ்தோத்திரக் காணிக்கை போடுவோம். ஓய்வுநாளைப் பற்றிய கற்பனையைப் பிள்ளை எந்த வகுப்பில் படித்தாலும், அதன் உண்மையான விலையை வீட்டில் அந்த ஒரு முடிவில் கற்றுக்கொள்கிறது. பத்ரீசியு இன்னும் சக்திக்கு மீறிச் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறான். மகனைக் கற்றோர் அவையில் முன்னால் உட்காரவைப்பதே தகப்பன் கடமை என்ற வள்ளுவரும் அவனுக்குத் துணைநிற்பார்.

ஆசை தவறில்லை. கல்வியால் எழுந்த சமுதாயம் கல்வியை நாடும். ஆனால் வீட்டில் சொல்லப்படாமல் சொல்லிக்கொடுக்கப்படும் பாடங்கள் உண்டு. பெற்றோர் தரும் கல்வியில் பாதிக்குமேல் அவைதான். சாதி அதில் முதலாவது. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிப் பாகுபாட்டை விடச் சொல்லி 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடமே வளர்ந்து படித்த பெரும் கவிஞர் அவர். இவ்வளவு நல்ல ஆசிரியரிடம் கற்றவரிடமும் சாதி அப்படியே இருந்தது. எந்த ஞாயிறு பள்ளியும் சாதியைக் கற்பிப்பதில்லை. ஆனாலும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. யார் வீட்டுக்குள் வந்து சாப்பிடுகிறார்கள், யார் வாசலோடு போகிறார்கள், கல்யாணப் பேச்சில் எந்தக் கேள்வி முதலில் வருகிறது என்று பார்த்துப் படித்துக்கொண்டது. வரதட்சணையும் அப்படித்தான். வீடு என்னும் பள்ளிக்கு விடுமுறை கிடையாது. ஒப்படைத்துவிட்டோம் என்று நாம் நினைத்தாலும் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

தொகுத்துப் பார்த்தால்

கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் பெரும்பாலான பெற்றோரால் கற்பிக்க முடியாதவை. அவற்றைப் பள்ளியிடம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல பள்ளியை விட்டு வீட்டிலேயே கற்பிக்கின்றன. நம் ஊரில் அது சிலருக்கு மட்டுமே கைகூடும். ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்வதே ஒரு கல்வி என்பதால் அது தேவையும் இல்லை. உபதேசத்தின் ஒழுங்கையும் திருச்சபையின் வரலாற்றையும் சபையிடம் கேட்டுப் பெறலாம். கொடுக்க முடியாதது ஒன்று மிஞ்சுகிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியை வாரத்தில் ஒரு மணி நேரம்தான் பிள்ளையைப் பார்க்கிறாள். சம்பளம் தவறிய மாதத்தில் அப்பா எப்படி ஜெபிக்கிறார், சண்டை போட்ட சித்தப்பாவிடம் அம்மா பேசினாளா, வேலைக்கு வரும் அக்காவுக்கு எந்தத் தம்ளரில் காப்பி என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் இடம் வீடு. பார்த்ததிலிருந்துதான் கேள்வி பிறக்கிறது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாட்டிக்குத் தெரியவில்லை. ஆனால் கேள்வியை வாங்கிக்கொண்டாள், தானும் அதோடு நெடுநாள் இருந்ததைச் சொன்னாள், கண்டுபிடித்த அளவைக் கொடுத்தாள்.

லூத்தர் சொன்ன மூன்று குறைகளில் அறிவில்லாமையைப் பள்ளி தீர்த்துவிட்டது. இன்று நம் வீடுகளில் படிக்காத தாய் தகப்பன் குறைவு. நேரமில்லாமையும் முழு உண்மை அல்ல. கைப்பேசியில் கழியும் மணி நேரத்தை எல்லாருமே அறிவோம். மிச்சமிருப்பது தயக்கம். தெரியாது என்று பிள்ளை முன்னால் சொல்ல நமக்குக் கூச்சம். அதனால் ஜெப நேரத்தில் பேசக்கூடாது என்கிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது பாய் இல்லை, சோபாவில்தான் குடும்ப ஜெபம், அதுவும் எல்லா நாளும் நடப்பதில்லை. போன மாதம் ஒரு நாள் வரிசையில் ஆதியாகமம் நாலாம் அதிகாரம் வந்தது. மகள் அதே கேள்வியைக் கேட்டாள். எனக்கு மனத்துக்குள் ஒரு சந்தோஷம். நாற்பது வருடமாகக் கையில் வைத்திருந்த பதிலாயிற்றே. பாட்டி சொன்னதை, முருங்கைக்கீரை உட்பட, முழுதாகச் சொல்லி முடித்தேன். கவனமாகக் கேட்டாள்.

“அது பாட்டியோட பதில்ப்பா. உங்க பதில் என்ன?”

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.